ஆம்னிக்குப் பாரி செய்யும் செலவு

திருவொற்றியூர்
14.9.2025

அன்பு மகள் குழலிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி பாரியும் உடம்புக்குப் பெரிய குறை எதுவும் இல்லாமல் இருக்கிறோம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு வேண்டியதைப் போட்டுக்கொண்டு, இரவு டியூட்டிக்கு நடுவிலும் கொஞ்சம் தூங்கி நன்றாக இருப்பாய் என்று எண்ணிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். அப்பா காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன அன்றைக்கு நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா. "வண்டி ஓடிக்கிட்டு இருந்திருந்தா அப்பா பிழைச்சிருப்பாராம்மா?" என்றாய். கேட்டது என்னை, ஆனால் உன் கண் பாரி மேல் இருந்தது. அவன் டீ டம்ளர்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தான். கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனான். நீ அயர்லாந்துக்குத் திரும்பிப் போகிற வரைக்கும் உன் எதிரில் அவன் உட்காரவே இல்லை. ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது, நீங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, நான்தான் நடுவில் உட்கார்ந்து அவன் சாப்பிட்டான் என்று உனக்கும் நீ தூங்கி எழுந்தாய் என்று அவனுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் போனில் நீ வேறொரு கேள்வி கேட்டாய். ஆஸ்பத்திரிக்குப் போகவரப் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன், பதின்மூன்று வருஷத்து வண்டி, எப்போது எது பழுதாகும் என்று தெரியாதாம், அதற்கு மாசம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்றாய். வண்டி ஓட்டத் தெரியாத என்னைப் போய்க் கேட்கிறாயே, பாரியைக் கேளேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். "அவனைக் கேக்கறதுக்கு நான் வண்டியை வித்துட்டு நடந்தே போவேன்" என்றாய். அந்தச் சிரிப்பு என் வாயிலேயே நின்றுவிட்டது. போனில் அவன் பேரை எடுத்தால் அதை விடும்மா என்று சொல்லிப் பேச்சை மாற்றுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், காகிதத்தை நடுவில் நிறுத்த முடியாதில்லையா. உன்னோடு வேலை செய்கிற ராயபுரத்துப் பெண் ஷெர்லின் லீவு முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறாளாம், அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் காருக்குப் பதில் சொல்கிறேன், அதன் வழியாகவே மற்றதற்கும் வந்துவிடுகிறேன்.

திடீர்ச் செலவு என்று நாம் சொல்கிறோமே, அதில் திடீர் என்பது பாதிதான். நான் வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தினேன். நாளைக்கு எந்தப் பிள்ளை வராது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவனுக்குக் காய்ச்சல் வரும், ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவாள். ஆனால் யாராவது இரண்டு மூன்று பேர் வரமாட்டார்கள் என்பது எனக்கு எப்போதும் தெரியும், முட்டை வேகவைக்கிற சத்துணவு அம்மாவுக்கும் தெரியும். பழைய கார் அந்த வகுப்பு மாதிரி. பேட்டரி இந்த மாசம் போகுமா ரேடியேட்டர் போகுமா என்று தெரியாது, ஏதோ ஒன்று போகும் என்று தெரியும். தெரிந்த செலவுக்குப் பணம் எடுத்து வைக்காமல் இருந்துவிட்டு அது வந்து நிற்கும்போது விதி என்று தலையில் அடித்துக்கொள்வது நம் வழக்கம். அதனால் ஒரு சின்னக் கணக்கு வைத்துக்கொள். பெட்ரோல் போடுகிற ஒவ்வொரு தடவையும், எவ்வளவுக்குப் போட்டாயோ அதில் கால் பங்கை அன்றைக்கே வேறொரு கணக்கில் போட்டுவிடு. அதிகம் ஓட்டினால் வண்டி அதிகம் தேயும், பணமும் தானாக அதிகம் சேரும். மாசச் சம்பளத்தில் ஒதுக்குகிறேன் என்று தள்ளிப்போடாதே, சம்பளத்துக்கு ஆயிரம் வாய் இருக்கிறது. முதல் வருஷம் மட்டும் கையில் மொத்தமாகக் கொஞ்சம் வைத்துக்கொள், உனக்கு விற்றவர் செய்யாமல் விட்ட வேலையெல்லாம் இப்போது உன் வேலை. அந்தப் பணத்தை வேறு எதற்கும் எடுக்காதே. அதே மாதிரி, வேறு எதற்கும் வைத்த பணத்தைக் காரில் கொண்டுபோய்க் கொட்டாதே. இந்தக் கடைசி வரியை அடிக்கோடு போட்டு எழுதுகிறேன், காரணம் பின்னால் வரும்.

பெட்ரோல் கணக்கு ஏன் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும். நீ பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம் அப்பா அந்த வெள்ளை ஆம்னியை இரண்டாம் கையாக வாங்கினார். நம் குடியிருப்பில் முதல் கார் அதுதான். வாங்கின புதிதில் ஒரு பேங்க் வாசலில் நிறுத்தினபோது காவலுக்கு நின்றவர், "வண்டிய எடுப்பா, ஓனர் எங்க?" என்று கேட்டாராம், உன் அப்பா கண்ணாடியை இறக்கி, "ஓனர்தான் பேசறேன், எங்க நிறுத்தணும் சொல்லுங்க" என்றாராம். அதைச் சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த வண்டியை அவர் ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. பிரசவம், பெண் பார்க்கிறது, சாவு வீடு, மீன் வாங்க ஹார்பர், எதுவானாலும் நம் வீட்டுச் சாவிதான். எடுத்துப் போகிறவர்களும் நல்லவர்கள்தான், சும்மா கொண்டுவந்து விடமாட்டார்கள். கீழ்வீட்டு ஜெபசிங் சாவியைக் கொடுக்கும்போதே, "அண்ணே, முந்நூறுக்கு பெட்ரோல் ஊத்திக்கீறேன், நமக்குள்ள பாக்கி இல்ல" என்பான். "பாக்கி இன்னாடா பாக்கி, நல்லபடியா போய் வந்தியே, அது போதும்" என்பார் அப்பா. நம் குடியிருப்பில் இதுதான் சட்டம், பெட்ரோல் போட்டால் கணக்கு தீர்ந்தது. தேய்ந்த பிரேக்குக்கும் டயருக்கும் கிளட்சுக்கும் யார் கணக்கிலும் இடம் இல்லை. பெட்ரோல் முள் இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, கிளட்ச் தேய்வதற்கு முள் இல்லை. அப்படியே பத்து வருஷம் போனது. ஏதாவது பழுது வந்தால் தீபாவளிக்கு வைத்ததிலிருந்தோ உன் படிப்புக்கு வைத்ததிலிருந்தோ எடுத்துச் செய்தோம், ஆனது.

பிறகு 2023 டிசம்பர் புயல் வந்தது. நம் பக்கம் முழங்கால் தண்ணீர், சடையங்குப்பத்தில் வீட்டுக்குள்ளேயே இடுப்புக்கு ஏறிவிட்டது. என் பள்ளியில் ஆயாவாக இருந்த பூவம்மா வீடு அங்கேதான், அவள் கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடப்பவர், தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை என்று போனில் அழுதாள். போன் அதோடு அணைந்துவிட்டது. அப்பா செருப்பைக்கூடத் தேடாமல் கிளம்பினார். "இன்னாண்ணே, இந்தத் தண்ணில ஆம்னி போவுமா, சீட்டுக்கு கீழதான கீது இன்ஜினு" என்று ஜெபசிங் சொல்லிக்கொண்டே தானும் ஏறி உட்கார்ந்தான். பாரி அன்று மீஞ்சூர்ப் பக்கம் தான் வேலை செய்கிற கன்டெய்னர் யார்டில் மாட்டிக்கொண்டிருந்தான். போகும்போது வண்டி போய்விட்டது. பூவம்மாவையும் அவள் கணவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பாதி வழியில் தண்ணீரிலேயே நின்றுவிட்டது. தள்ளி மேட்டில் ஏற்றிவிட்டு, ஜெபசிங் அந்த மனிதரை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தான். நான்கு பேரும் நனைந்துபோய் நம் வாசலில் வந்து நின்றபோது உன் அப்பா முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அந்த முகத்தை நினைத்துக்கொள்ளத்தான் இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் போலிருக்கிறது.

தண்ணீர் வடிந்ததும் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். வழக்கமாக நம் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் லட்சுமணன் போனிலேயே சொல்லிவிட்டான், சாவி போடாதீர்கள், இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும், நான் வந்து இழுத்துக்கொண்டு போய்ப் பிரித்துப் பார்க்கிறேன் என்று. ஆனால் அவன் ஷெட் வாசலில் ஏற்கனவே வெள்ளத்தில் நின்ற வண்டிகள் வரிசை கட்டியிருந்தன, இன்றைக்கு நாளைக்கு என்று போனது. இதற்குள் குடியிருப்பே வந்து வண்டியைக் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்துவிட்டது. நோயாளி எழுந்து உட்கார்ந்தானா என்று பார்க்க வருகிற மாதிரி எல்லாரும் வந்து நின்றார்கள். "தொடச்சி வுட்டா போதும்பா, கெத்தா ஓடும்" என்று ஒருத்தர், "ஒரே ஒரு தபா சாவி போட்டுப் பாரு வரதா, நின்னா நிக்கட்டும்" என்று உன் அப்பாவிடம் ஒருத்தர். பூவம்மா வண்டி மேல் கையை வைத்துக்கொண்டு, "எங்க உசுர காப்பாத்துன வண்டி, எனுக்காக ஒரு தபா ஓடும் பாரு அண்ணே" என்றாள். அன்பாகச் சொன்னதுதான், எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். உன் அப்பா சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே இருந்த தண்ணீர் பிஸ்டனைத் தடுத்து ராடு வளைந்துவிட்டது என்று பிறகு லட்சுமணன் பிரித்துக் காட்டினான். தண்ணீரை வடித்து எண்ணெய் மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலை, மொத்த இன்ஜினையும் இறக்கிச் செய்கிற வேலையாகிவிட்டது. அவன் சொன்ன தொகை வண்டியை விற்றால் கிடைப்பதைவிட அதிகம்.

அப்போதுதான் நீ வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாய், பாரி பின்னால் நின்று கத்தியது உனக்குக் கேட்டது. "இத்த காயலான் கடைல போட்டுட்டு ஆட்டோல போனா ஆயுசுக்கும் மிச்சம் நைனா. ஊருக்கெல்லாம் ஓட்டின வண்டிக்கு இப்ப ஊரு காசு குடுக்குமா? நான் ஒரு ரூபா குடுக்க மாட்டேன்" என்றான். "ஆட்டோல போறதுக்கு நான் கார் வாங்கலடா" என்று அப்பா எழுந்து போய்விட்டார். நீ கேட்டது அவ்வளவுதான், அதை வைத்துக்கொண்டுதான் நீ இத்தனை நாளும் அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறாய். கேட்டது பொய்யில்லை, அவன் அப்படித்தான் சொன்னான். வண்டி ஷெட்டில் கிடந்தது. பொங்கல் போய், பிப்ரவரியில் ஒரு காலையில் அப்பா நெஞ்சு அடைக்கிறது, வாயு போலிருக்கிறது என்றார். சோடா வாங்கிக் கொடுத்தேன். சட்டை எல்லாம் வேர்த்து நனைந்ததும்தான் எனக்கு வேறு மாதிரி பட்டது. ஆம்புலன்சுக்குச் சொன்னோம், அதுவும் எண்ணூர்ச் சாலையில் நிற்கிற டிரெய்லர் வரிசையைத் தாண்டித்தான் வரவேண்டும், அதற்குள் ஜெபசிங் ஓடிப்போய் ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்தான். என் மடியில் தலை வைத்துக்கொண்டுதான் வந்தார். டிரெய்லர்களுக்கு நடுவே ஆட்டோ வளைந்து வளைந்து போனது. கொருக்குப்பேட்டை தாண்டும்போது என் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உயிர் வழியிலேயே போய்விட்டது என்றார்கள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ நர்ஸ், முதல் ஒரு மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்று எனக்குப் பாடம் எடுக்கிறவள், உன்னிடம் ஆறுதலுக்காக எதையும் ஜோடித்துச் சொல்ல முடியாது. வண்டி வாசலில் நின்றிருந்தால் ஆட்டோ தேடிய நேரம் மிச்சமாகியிருக்கும். ஆனால் ஆட்டோ நுழைந்த சந்தில் ஆம்னி நுழைந்திருக்காது, அந்த வரிசையிலேயே நின்றிருப்போம். ஓட்டுவதற்கும் யார் இருந்தார்கள், பாரி வேலையில் இருந்தான், ஜெபசிங் ஓட்டியிருப்பான். எத்தனையோ விதமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன், ஒரு நாள் பிழைத்திருப்பார் என்று வருகிறது, மறுநாள் இல்லை என்று வருகிறது. எனக்குத் தெரியவில்லை குழலி. தெரியவில்லை என்பதும் ஒரு பதில்தான் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், அதைத் தைரியமாக எழுதினால் மார்க் குறைக்கமாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறேன். நான் சாகிற வரைக்கும் என்னிடம் இருக்கப்போகிற பதில் அதுதான். அதோடு வாழப் பழகிக்கொண்டிருக்கிறேன், சில நாள் முடிகிறது, சில நாள் முடியவில்லை.

ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லக்கூடாது என்று பாரி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். அந்தச் சத்தியத்தை இந்தக் கடிதத்தில் மீறுகிறேன். நீ அயர்லாந்துக்குத் திரும்பி ஒரு மாசம் போல் இருக்கும், லட்சுமணன் வீட்டுக்கு வந்தான். "மீதிய எப்ப குடுக்கும் பாரி? நான் பார்ட்ஸ் கடைக்கு கட்டணும் டீச்சர்" என்று நியாயமாகத்தான் கேட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த மீதி என்றேன். அப்போதுதான் சொன்னான், அப்பாவோடு சண்டை போட்ட மறுநாளே பாரி ஷெட்டுக்குப் போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். "'நைனாகிட்ட சொல்லிடாத, நான் இன்னும் ரெண்டு நாளு திட்டிக்கினு கீறேன், வண்டி வந்து வாசல்ல நிக்கட்டும், அப்ப பாக்கணும் அவரு மூஞ்ச'ன்னு சிரிச்சிகினே போச்சு டீச்சர்" என்றான். தன் பைக்கை விற்றுக் கொடுத்திருக்கிறான். பைக்கை நண்பனுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று எங்களிடம் சொன்னது அதுதான், அந்த ஜனவரி முழுக்க அத்திப்பட்டு வரை நின்றுகொண்டே ரயிலில் போய் அங்கிருந்து யாரையாவது தொற்றிக்கொண்டு யார்டுக்குப் போனான். வெள்ளத்தில் நின்ற வண்டிகள் அவ்வளவு இருந்ததால் லேத்துக்குப் போன இன்ஜின் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. அது வந்து சேர்ந்தபோது அப்பா இல்லை. உன் அப்பா தன் மகன் ஒரு ரூபாய் தரமாட்டான் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார்.

இதை நீயே அக்காவிடம் சொல்லேன், ஏன் பழியைச் சுமக்கிறாய் என்று அவனைக் கேட்டேன். அவன் தலையைத் தூக்காமல் சொன்னான். "வேணாம்மா. அக்கா கோவத்த எம்மேல வச்சிக்கினு கீது, அது அப்டியே கெடக்கட்டும். எம்மேல இல்லன்னா தன்மேல வச்சிக்கும். ஊரு பேரு தெரியாத கெழவங்களையெல்லாம் குளிப்பாட்டி வுட்டுகினு, நம்ம நைனாகிட்ட இல்லியேன்னு நெனைக்கும். தனியா கீது அங்க, தாங்காது" என்றான். படிப்பு ஏறவில்லை என்று நாம் இரண்டு பேரும் அவனை எவ்வளவு சொல்லியிருப்போம். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இது முடிந்துபோன கதையாக இருந்தால் சத்தியத்தை மீறியிருக்கமாட்டேன். இப்போது நடப்பதைச் சொல்கிறேன். வண்டி வாசலில் நிற்கிறது, முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி நிறுத்துவான். தினம் காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கிறான், வந்ததும் ஒரு தடவை. நன்றாக இருந்த பேட்டரியை மாற்றினான், இன்னும் ஓடக்கூடிய டயரை மாற்றினான். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பித்துப் பசுமை வரி கட்டியிருக்கிறான். கடல் காற்றில் தரைத் தகடு துரு ஏறி ஓட்டை விழுந்தது, வெல்டிங் வைத்தான், பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை விழுந்தது, அதற்கும் வைத்தான். லட்சுமணனே, "போதும் பாரி, இதுக்கு மேல வெல்டிங் வைக்க தகடே இல்ல" என்கிறான். பி.எஃப். பணத்தில் முன்பணம் எடுத்துவிட்டான். எண்ணூரில் ஒரு பெண் பார்த்திருந்தோமே, நல்ல பெண், அடுத்த வருஷம் பார்க்கலாம் கையில் இல்லை என்று சொல்லிவிட்டான். பூவம்மா வந்தபோது, "இன்னாடா பாரி, வண்டிக்கே தாலி கட்டிடுவ போலக்கீது" என்று கிண்டல் செய்தாள். அவனும் சிரித்தான், சிரித்துவிட்டு டயரில் காற்று பார்க்கப் போய்விட்டான். ஒருத்தருக்கும் வண்டி தருவதில்லை. ஜெபசிங் மகளைக் காலேஜில் சேர்க்க அரை நாள் கேட்டான், "வண்டி அங்க போயிட்டா, இங்க அம்மாவுக்கு ஒண்ணுன்னா இன்னா பண்றது" என்று சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். குடியிருப்பில் இப்போது யாரும் கேட்பதில்லை. எனக்கு இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிறேன், சத்தம் கேட்டால் சாவியோடு வந்து நிற்கிறான்.

நீ சின்னவளாக இருந்தபோது உன் ஸ்கூல் பாவாடையில் மடிப்பு வைத்துத் தைப்பேன். வருஷா வருஷம் ஒரு மடிப்பைப் பிரித்து இறக்குவேன். மடிப்பெல்லாம் தீர்ந்த பிறகு வேறு துணி வைத்து ஒட்டுப் போட்டும் பார்த்தேன், ஒரு நாள் புதுப் பாவாடைதான் எடுக்க வேண்டியிருந்தது. பழைய வண்டிக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. ஒரே ஒரு வேலைக்குக் கேட்கிற பணம் வண்டியின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால் அங்கே நின்று யோசிக்க வேண்டும். உன் வண்டிக்கும் இதை வைத்துக்கொள். பாரிக்கு இது தெரியாதா, காயலான் கடையில் போடு என்று முதலில் சொன்னவனே அவன்தான். அவன் இப்போது செய்கிற செலவு வண்டிக்கு இல்லை. நீ அன்று கேட்டாயே, அந்தக் கேள்விக்கு மாசா மாசம் கட்டிக்கொண்டிருக்கிறான். அது எவ்வளவு கட்டினாலும் தீராது, அந்தக் காலையை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன், அம்மா சொல் அதில் ஏறவில்லை. கேட்டவள் நீ, நிறுத்தவும் உன்னால்தான் முடியும். உன்மேல் குற்றம் சொல்லவில்லை கண்ணு, அப்பாவை இழந்தவள் கேட்கிற கேள்விதான் அது, நானும் மனதுக்குள் கேட்டதுதான். நீ தூரத்தில் இருந்தது உன் தப்பில்லை, அவன் அருகில் இருந்தது அவன் தப்பில்லை. இதைப் படித்துவிட்டு அங்கே உட்கார்ந்து உன்னை நீயே வருத்திக்கொண்டால், அவன் எதற்குப் பயந்து இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தானோ அது நடந்ததாகிவிடும், அதை மட்டும் செய்துவிடாதே.

ஷெர்லினிடம் நெத்திலிக் கருவாடும் குழம்புத் தூளும் கொடுத்திருக்கிறேன், கருவாட்டைத் தனியாக எடுத்து வை, தூளில் வாடை ஏறிவிடும். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது, எரிந்தால் எரியட்டும் ஓடுகிறதே என்று சொன்னாயே, அப்படி விடாதே, இந்த வாரமே யாரிடமாவது காட்டு. நீ நோயில்லாமல், மனக்குறை இல்லாமல், போகிற வழியெல்லாம் பத்திரமாகப் போய் வீடு திரும்ப வேண்டும், நம் வீட்டுப் புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றும்போதெல்லாம் உனக்காகவும் அவனுக்காகவும் அதையேதான் நினைத்துக்கொள்கிறேன். நான் எழுதினது தெரிந்ததாக அவனிடம் காட்டிக்கொள்ள வேண்டாம், மன்னிப்பு என்று ஏதாவது ஆரம்பித்தால் போனை என் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடுவான். இதை மட்டும் செய். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் இருப்பான், உன் காரை ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, அவனுக்கு வீடியோ கால் போட்டு, போனை இன்ஜின் பக்கம் காட்டி, "பாரி, இதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்" என்று சொல்.

உன் அம்மா
வ. மலர்க்கொடி